நுரை நிற்கிறதா என்று பார்த்தவள்

காலை ஏழேகாலுக்குக் கம்பெனி பஸ் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் நிற்கும். இரவு வேலை முடித்து இறங்குகிறவர்கள் அவரவர் வீட்டைப் பார்த்து நடப்பார்கள். அவள் மட்டும் ஆட்டைப் பார்த்து நடப்பாள். அவளுக்கென்று அப்போது ஆடு கிடையாது. யார் வீட்டு ஆடாக இருந்தாலும் சரி, அது படுக்கையை விட்டு எழுந்திருக்கும் நேரத்தில் அதன் பின்னால் அவள் இருக்க வேண்டும்.

நான் அவளை முதல்முதலில் பார்த்ததே என் கொட்டகைக்கு அடியில்தான். எங்கள் பக்கம் ஆட்டுக் கொட்டகையைக் கால் நட்டு, இடுப்புயரத்துக்குத் தூக்கித்தான் கட்டுவோம். பலகை இடுக்கு வழியாகப் புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். அந்த அடியில் நீலக் கோட்டும், கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையுமாக ஒருத்தி குந்தியிருக்கிறாள். கையில் ஐஸ்கிரீம் டப்பாவின் வெள்ளை மூடி. அதை ஏந்திக்கொண்டு மேலே அண்ணாந்து பார்க்கிறாள். 'திருடி' என்று நான் கத்தியிருக்க வேண்டும். எனக்குக் கத்த வராது. விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றேன்.

"யாரும்மா?"

"உஷ்... எழுந்திரிக்கப் போவுதுக்கா. எழுந்த உடனே விட்டுரும். கொஞ்சம் சும்மா நில்லுங்க."

அவள் சொன்னபடியே ஆடு எழுந்தது, முதுகை வளைத்தது, விட்டது. சிந்தாமல் மூடியில் பிடித்து, ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, மூடி, கடகடவென்று குலுக்கினாள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். நானும் என்னை அறியாமல் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேலே கட்டியிருந்த நுரை மெல்ல உடைந்து அடங்கியது.

"இது பாஸ்," என்றாள். "அந்த வெள்ளை ஆடு இன்னும் எழுந்திரிக்கல. நாளைக்கு வரேன்."

அப்புறம்தான் தன்னை யாரென்று சொன்னாள். நாலாவது வரிசை மூலை வீடு. வேலை கூலிம் டவுனில், கம்ப்யூட்டர் சில்லு செய்கிற கம்பெனியில். நகத்தைவிடச் சின்னத் துண்டுகளைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, கீறல் இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பன்னிரண்டு மணி நேரம் பார்க்கிற வேலை. அப்படிச் சோதிக்கிற வேலைக்குக் கம்பெனியில் கியூசி என்று பேர், அதனால் தாமானில் எல்லாரும் அவளையும் கியூசி என்றே கூப்பிட்டார்கள். அவள் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. நானும் இங்கே எழுதவில்லை.

"பஸ்ஸிலேருந்து மூணு நாளாப் பாக்குறேன்க்கா. மத்த ஆடு தழைக்கு ஓடுது, உங்க வெள்ளை தண்ணித் தொட்டிக்கு ஓடுது. அதான்."

ஆறு ஆடு வளர்க்கிறேன், நாள் முழுக்க அவற்றோடுதான் இருக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. பஸ் ஜன்னலிலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் வெள்ளை ஆட்டின் பாட்டிலில் நுரை அடங்கவில்லை. அதற்கு மறுநாளும் அடங்கவில்லை. மூன்று காலை பார்த்த பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "நுரை நின்னா, போக வேண்டாத சத்து மூத்திரத்துல போவுதுன்னு அர்த்தம். குண்டிக்காய்ல, அதான் கிட்னியில, ஏதோ இருக்கு. இன்னதுன்னு எனக்குத் தெரியாது. ரத்தம் எடுத்துத்தான் பாக்கணும்."

ஆட்டு மாட்டு ஆபீசுக்குப் போன் போட எனக்குக் கூச்சம். அவளே போட்டு மலாயில் பேசினாள். ஒரு மலாய்க்காரத் தம்பி வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் வந்து, "புவா பிங்காங் ரோசாக், மக்சிக்" என்றார். குண்டிக்காய் கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஆடு இன்னும் தின்றுகொண்டுதானே இருக்கிறது, இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் அவளைக் காட்டினேன். அவள் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் ஒளித்தாள், பள்ளிப் பிள்ளை மாதிரி. அந்தத் தம்பி வாங்கிப் பார்த்துவிட்டு, நுரையை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் ரத்தம் எடுத்துப் பார்க்கலாம் என்று சொல்வதற்கு இது போதும் என்றார். அவளுக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. பல நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பார்க்காமல் எதையும் சொல்லமாட்டாள். அதுதான் அவள்.

"கியூசி, மழை வருமாலா?" என்று எதிர்வீட்டு அண்ணி வேண்டுமென்றே கேட்பாள்.

"வந்தா சொல்றேன் அண்ணி."

"டீ சுடுதா?"

"நீங்க குடிக்கிறீங்க. உங்களுக்குத்தானே தெரியும்."

"இவளப் பொண்ணு பாக்க வந்தா, மாப்பிள்ளைய டப்பா மூடி வச்சுத்தான் செக் பண்ணுவாடி!" அண்ணி தொடையில் தட்டிக்கொண்டு சிரிப்பாள். அவளும் சிரிப்பாள். கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "மனுசனுக்கு வாய் இருக்கு அண்ணி, டாக்டர் இருக்காரு. ஆடு பின்னாலதான் பேசும்" என்பாள்.

ஒரு தடவை தப்புப் பண்ணினாள். மூன்றாவது வரிசை லாரிக்கார அண்ணனுடைய ஆட்டின் மூத்திரத்தில் நுரை விரலுயரத்துக்கு நின்றது. ஆடு பார்க்கத் திடமாக இருந்தது. மூன்று நாள் பார்த்தும் நுரைதான். இவள் சொன்னதைக் கேட்டு அந்த அண்ணன் பயந்துபோய், கறிக்கடைக்காரரை வரச்சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் தூங்கவேண்டிய நேரத்தில் இவள் ஒரு செருப்பும் ஒரு வெறுங்காலுமாக என் வாசல் வழியாக ஓடுகிறாள். என்னவென்று கேட்டதற்கு, "சவுக்காரம்க்கா, சவுக்காரம்!" என்றாள். பாட்டில் மாறியிருக்கிறது. பாத்திரம் கழுவுகிற சவுக்காரத் தண்ணீர் இருந்த பாட்டில். வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பார்த்திருக்கிறாள், அதுவும் நுரைத்திருக்கிறது. கறிக்கடைக்காரர் ஆட்டைக் கயிறு போட்டு இழுத்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். வரிசையில் அத்தனை பேர் நிற்கும்போது, "நான்தான் தப்பா ரிஜெக் போட்டுட்டேன். ஆடு நல்ல ஆடு" என்று உரக்கச் சொன்னாள். அன்றிலிருந்து வேறு வீட்டுப் பாட்டில் தொடமாட்டாள். முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, நுரை வரவில்லை என்று நமக்குக் காட்டிவிட்டுத்தான் மற்றதைப் பிடிப்பாள்.

ஏன் இப்படி ஆட்டுக்குப் பின்னால் அலைகிறாள் என்று எனக்கு ரொம்ப நாள் யோசனை. கேட்கவும் கூச்சம். ஒரு மழைக்காலையில் கொட்டகைக்கு அடியில் ஒதுங்கி நின்றபோது அவளாகவே சொன்னாள். இந்தத் தாமானுக்கு வந்த புதிதில் மூன்று ஆடு வாங்கியிருக்கிறாள். பளபளவென்று இருந்தனவாம். இரண்டு மாதத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்விட்டன. மூன்றாவதை அவளே திறந்து பார்த்திருக்கிறாள். இரண்டு குண்டிக்காயும் கொட்டைப்பாக்கு மாதிரி சுருங்கிக் கிடந்தனவாம்.

"கம்பெனியில எத்தனையோ துண்டு பாக்குறேன். ஒரு முடியளவு கீறல விடமாட்டேன். வீட்டுல இருந்த மூணு உசுரப் பாக்காம விட்டுட்டேன்க்கா."

மழை விட்டதும் பாட்டிலை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

என்னிடம் ஒரு கறுப்புக் கெடா இருந்தது. ராசா என்று கூப்பிடுவேன். அது முனியாண்டிக்கு நேர்ந்துவிட்டது. என் மகன் மோட்டார்சைக்கிளில் போகும்போது சந்திப்பில் கார் அடித்து, பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தான். அந்த வராந்தாவில் உட்கார்ந்து, பிள்ளையை எழுப்பிக் கொடுத்தால் ஊனமில்லாத கறுப்புக் கெடா கொடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் தண்ணீர் கேட்டான். இப்போது கொஞ்சம் நொண்டுவான், அவ்வளவுதான். பழையபடி கூலிமில் இன்னொரு கம்பெனிக்கு இரவு வேலைக்குப் போகிறான், அதே மோட்டார்சைக்கிளில்.

ராசாவின் கழுத்தில் மஞ்சள் துணி கட்டி இரண்டு வருடம் வளர்த்தேன். சாமி ஆட்டை யாரும் கட்டக்கூடாது, விரட்டக்கூடாது. தாமான் முழுக்கச் சுற்றி வரும். எந்த வாசலில் நின்றாலும் ஏதாவது கிடைக்கும். உருண்டு திரண்டு, கொம்பு பளபளக்க, கோயில்காரர்கள் பார்க்கிறபோதெல்லாம் மெச்சுவார்கள்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. ஏழேகால் பஸ்ஸில் இறங்கி வந்தவள் ராசாவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதப் பாக்காதம்மா. இது சாமி ஆடு," என்றேன்.

"சாமி ஆடும் ஒண்ணுக்குப் போவும்லக்கா."

மூன்று காலை வந்தாள். மூன்று காலையும் தண்ணீர் குலுக்கிக் காட்டினாள், பிறகு அதைக் குலுக்கினாள். மூன்றாம் நாள் நான் உள்ளே போய்த் தேத்தண்ணி கலக்கி, இரண்டு பேரும் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வந்தும் நுரை அப்படியே நின்றது. அவள் ராசாவின் வாயைப் பிளந்து மோந்து பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"இது என்ன வாசம்னு எனக்குப் பிடிபடல. நீங்க பாருங்கக்கா."

குனிந்தேன். அசைபோட்ட தழை வாசத்துக்கு அடியில் ஒன்று சுருக்கென்று மூக்கில் ஏறியது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள் நான். பால் வாளியில் கட்டிப்போகாமல் இருக்க ஊற்றுவோமே, அமோனியா, கண்ணில் தண்ணீர் வரவைக்கும். அதே வாசம் ஒரு ஆட்டின் வாயில்.

"பால் மருந்து" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். "வெளிய போகவேண்டியது உள்ளயே ஏறுது."

அன்று அவள் தூங்கப் போகவில்லை. வீடு வீடாகப் போய் ராசா என்னென்ன தின்றது என்று கேட்டாள். நானும் பின்னாலேயே போனேன். எல்லாருக்கும் பெருமை. ஒரு வீட்டில் தினமும் முறுக்கு. ஒரு வீட்டில் கருவாட்டுச் சோறு. ஒருவர் மாட்டுக்கு வாங்கும் தவிட்டில் ஒரு டின். எதிர்வீட்டு அண்ணி தன் புளிப்புப் பழ மரத்தைக் காட்டினாள். "பிலிம்பிங்னா அதுக்கு உசுரு. நான் தின்னாம அதுக்குத்தான் வைப்பேன். வெள்ளி, செவ்வாய்னா கூடை நிறைய."

திரும்பி வரும்போது, "அண்ணியோட பழமா காரணம்?" என்று கேட்டேன்.

"தெரியாதுக்கா. அந்தப் பழம் குண்டிக்காய்க்கு ஆகாதுன்னு ஆபீஸ் தம்பி சொன்னாரு. உப்பும் ஆகாது. எலி மூத்திரத்துல வர்ற காய்ச்சலாவும் இருக்கலாம், அதுன்னா வெட்டுறவங்களுக்கும் ஒட்டும். எதுன்னு நான் பாக்கல." கொஞ்ச தூரம் நடந்தாள். "எல்லாரும் ஆசையாக் குடுத்திருக்காங்க. யாருமே தழை குடுக்கல."

ஆபீஸ் தம்பி ரத்தம் எடுத்தார். முடிவு திருவிழாவுக்கு அப்புறம்தான் வரும். அவள் என்னிடம், "நான் போய்ச் சொன்னா சவுக்காரக் கதைய எடுப்பாங்க. ஆடு உங்களுது. நீங்க சொல்லணும்க்கா" என்றாள்.

நானா? கல்யாண வீட்டில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்காமல் எழுந்து வருகிறவள் நான். அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. கெட்ட கெடாவைக் கொடுத்தால் பாவம். நேர்ந்ததைக் கொடுக்காமல் விட்டால், எழுப்பிக் கொடுத்த பிள்ளையைச் சாமி திரும்பக் கேட்டால் என்ன செய்வேன்?

ஞாயிற்றுக்கிழமை முற்பகல், செம்பனைக் காட்டை ஒட்டிய கோயிலில் கூட்டம். பூசாரி ராசாவின் கொம்பைத் தடவினார், காதைப் பிரித்துப் பார்த்தார், நாலு காலையும் தூக்கிப் பார்த்தார். ஊனமில்லை என்றார். மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு உடம்பைக் குலுக்கினால் சாமி உத்தரவு கொடுத்தது என்று அர்த்தம். ராசாவுக்கு இரண்டு நாளாகவே உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் படுமுன்னே நடுங்கியது. பட்டதும் நடுங்கியது.

"குலுக்கிருச்சு! குலுக்கிருச்சு!" என்று கூட்டம் கத்தியது. உறுமி ஏறியது.

நான் கூட்டத்தில் அவளைத் தேடினேன். கடைசியில், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றாள். கையில் பாட்டில் இல்லை. ஒன்றும் ஜாடை காட்டவும் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான்.

"வேணாம்" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. முன்னால் போய் ராசாவின் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். உறுமி நின்றது. நின்றதும் இன்னும் பயமாக இருந்தது.

"என்னாச்சு ஆத்தா? சாமியே உத்தரவு குடுத்துருச்சு," என்றார் பூசாரி.

"அது உத்தரவு இல்லைங்கண்ணே. அதுக்கு முடியல. குண்டிக்காய் கெட்டுப்போச்சு. வாயை மோந்து பாருங்க, பால் மருந்து வாசம் அடிக்குது."

"அந்தக் கியூசி சொன்னாளா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது.

"நான் பாத்தேன்," என்றேன். "பாக்காமக் குடுத்திருந்தா சாமி மன்னிச்சிருக்கும். பாத்துட்டேனே. பாத்துட்டு எப்படிண்ணே குடுக்கறது? இத்தனை பிள்ளைங்க திங்கப் போவுது."

பூசாரி குனிந்து ராசாவின் வாயை மோந்தார். அவரும் பால்மரம் வெட்டியவர்தான். கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு ஒரு பூசணிக்காயைக் கொண்டுவரச் சொன்னார். அதை வெட்டிக் குங்குமம் தடவிய பிறகு என்னிடம் மெதுவாக, "நேர்த்தி தீரல ஆத்தா. அடுத்த வருசத்துக்குள்ள தீர்த்துடு" என்றார். எதிர்வீட்டு அண்ணி என் காதோரம், "மவன் ரோட்டுல போறவன், பாத்துக்க" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அது முள்ளாக ஏறிவிட்டது.

ராசா நாலாம் நாள் செத்தது. அவள் கையுறை போட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திறந்தாள். நல்ல குண்டிக்காயின் மேல்தோல் கச்சான் கடலைத் தோல் மாதிரி சுலபமாக உரியுமாம். இதில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. ஒன்று வெளிறி மேலெல்லாம் வெள்ளைப் புள்ளி, இன்னொன்று சுருங்கிப் போயிருந்தது. அருவருப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. விரலளவு சாமான், இதற்குள் இவ்வளவு நடக்கிறதா என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்த முடிவும் அதைத்தான் சொன்னது. காரணம் கடைசிவரை பிடிபடவில்லை. அடுத்த திருவிழாவில் வேறு கெடா கொடுத்தேன். அதற்குத் தாமான் முழுக்கத் தழைதான் கொடுத்தது. அதற்கப்புறம் அவள் கம்பெனி மாறி வேறு ஊருக்குப் போய்விட்டாள். இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது பாட்டிலும் நுரையும் இல்லை. ராசாவை வெட்டவிடாமல் நான் தடுத்த அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான்.

ஆறரை மணிக்கு என் மகன் வேலைக்குக் கிளம்பினான். மழை தூறிக்கொண்டிருந்தது. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னாலும் கேட்கமாட்டான். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டான். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நீலக் கோட்டோடு தன் பஸ்ஸுக்காக நடந்து வந்தாள்.

"அவனுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்று கேட்டேன்.

ஒரு வார்த்தை, 'ஆகாதுக்கா' என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள், சாலையைப் பார்த்தாள். அவளால் முடியவில்லை.

"பாக்காம எப்படிக்கா சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் விறுவிறுவென்று திரும்பித் தன் வீட்டுப் பக்கம் போனாள். கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். பஸ் வந்தது, அவள் ஏறாமலே போனது. கொஞ்ச நேரத்தில் அவள், வீட்டில் கிடந்த தன் அண்ணனுடைய பழைய ஸ்கூட்டரில் படபடவென்று என்னைத் தாண்டிக்கொண்டு என் மகன் போன வழியிலேயே போனாள். மழைக்கோட்டுகூட இல்லை, நீலக் கோட்டு முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது. பின்னால் மழைச் சத்தம், வண்டிச் சத்தம்.

"அக்கா, பாத்துட்டேன். பெட்ரோல் போட நின்னிருந்தாரு, அங்கேருந்து வழியெல்லாம் பின்னாலயேதான் வந்தேன். சந்திப்புல நின்னுதான் போனாரு. இப்போ கம்பெனி கேட்டுக்குள்ள போறாரு. வண்டிய நிறுத்துறாரு... காவக்காரர்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்கிறாரு. உள்ள போயிட்டாருக்கா. நான் வைக்கிறேன், எனக்கு லேட்டாயிருச்சு."

மறுநாள் சாயங்காலமும் அவன் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் அந்த ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.